தையல்நாயகியின் சிறுநீரகமும் ஓர் அறநெறிச் சிக்கலும்

மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் தையல்நாயகிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது போன வருஷம். விடியற்காலையில் சரியாகத்தான் இருக்கும். பதினொரு மணிக்குப் பாத்தியை விட்டு ஏறும்போது கணுக்கால் இருக்கிற இடம் தெரியாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும்; விழுந்த பள்ளம் மெதுவாக யோசித்துத்தான் மேடேறும். நாற்பத்திரண்டு வயதுக்கு இது நல்லதில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனால் அவளுடைய சிறுநீரகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் தெரியும். அதை அவளிடம் சொல்வது சரியா, தப்பா என்று அந்த இடம் ஐந்து மாதமாக ஆலோசித்துக்கொண்டிருந்தது.

அதன் பெயர் உயிரறவியல் உயராய்வு நிறுவனம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடிப் பக்கம், சவுக்குத் தோப்புக்கு நடுவில் கண்ணாடிக் கட்டடம். அங்கே வைத்தியம் பார்க்கமாட்டார்கள். வைத்தியம் பார்ப்பவர்களும் ஆராய்ச்சி செய்பவர்களும் மனிதர்களிடம் நியாயமாக நடந்துகொள்கிறார்களா என்று ஆராய்வார்கள். உள்ளே இரண்டு துறைகள். மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது கீழ்த்தளத்துக் கள ஆய்வுத் துறையின் வேலை. மனிதர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று, யாரையும் பார்க்காமலே சொல்வது மேல்தளத்து அறக்கோட்பாட்டுத் துறையின் வேலை. இரண்டையும் ஒன்று சேர்க்கத்தான் வெளிநாட்டிலிருந்து நிதி வந்தது. வாசலில் பித்தளை எழுத்தில் ‘தரவும் தர்மமும் சந்திக்கும் இடம்’ என்று பதித்திருந்தார்கள். சந்திப்பதற்கென்று ஓர் அறையும் உண்டு. ஏ.சி.யை எத்தனையில் வைப்பது என்பதில் இரண்டு துறைக்கும் மனத்தாங்கல் வந்து, அந்த அறை நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

மாசி மாதத்தில் நிறுவனத்தின் வேன் உப்பளத்துக்கு வந்தது. வெயிலில் வேலை செய்பவர்களின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். அதற்கு முன்னால் சம்மதப் படிவம் வாசிக்கப்பட்டது. பதினான்கு பக்கம். சமூகப்பணி படித்துவிட்டுக் கள உதவியாளராகச் சேர்ந்திருந்த வினோதினி நாற்பது நிமிஷம் நின்று படித்தாள். கேட்பவர்களை வேன் நிழலில் உட்கார வைக்கலாமா என்று அவள் போனில் கேட்டாள். நிழல் கொடுத்தால் அது ஆசை காட்டிச் சம்மதம் வாங்கியதாகிவிடும் என்று மேல்தளம் மறுத்துவிட்டது. ஆகவே நூற்றுப் பன்னிரண்டு பேரும் எந்த ஆசைக்கும் ஆளாகாமல் வெயிலில் நின்று கைநாட்டு வைத்தார்கள்.

போகும்போது ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் ஓர் அறிவுரை அட்டையும் கொடுத்தார்கள். ‘ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடியுங்கள்’ என்று அட்டையில் இருந்தது. பெண்கள் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் பகல் பன்னிரண்டுக்குத் திரும்பும் வரை உப்பளத்துப் பெண் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க ஒரு கழிப்பறை கிடையாது, ஒரு புதர் கிடையாது. தட்டையாகப் பாத்தியும் முழங்கால் உயரத்துக்கு வரப்பும்தான். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் காக்கை உட்கார்ந்தாலும் தெரியும். நிறுவனத்தின் படிவத்தில் ‘வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பீர்களா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. எல்லாப் பெண்களும் இல்லை என்றார்கள். ஏன் என்று கேட்பதற்குக் கட்டம் இல்லை.

பங்குனியில் முடிவு வந்துவிட்டது. அதை வினோதினியே வாய் தவறிச் சொன்னாள்.

“அப்ப சொல்லு, எனுக்கு எப்படி இருக்குது?” என்றாள் தையல்நாயகி.

“எனக்கே தெரியாதுக்கா. உங்க பேரெல்லாம் மேல்மாடில குழந்தைசாமி சார்கிட்ட இருக்குது. ரத்தத்துல வந்த அளவெல்லாம் கீழ ராமதாஸ் சார்கிட்ட இருக்குது. ரெண்டு லிஸ்டையும் சேத்தாதான் யாருக்கு எவ்ளோன்னு தெரியும். ரகசியம் காக்கறதுக்கு அப்படி வச்சிருக்காங்க.”

“யார்கிட்டேருந்து ரகசியம்?”

வினோதினி கொஞ்சம் யோசித்தாள். “இப்போதைக்கு உங்ககிட்டேருந்துதான்க்கா.”

“சேத்துப் பாக்க வேண்டியதுதான?”

“அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு கமிட்டி முடிவு பண்ணணும். அடுத்த வாரம் ஆயிடும்க்கா.”

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு முறை ரத்தம் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் கொடுத்த ரத்தத்துக்கு ஒரு பதில் தயாராக இருக்கும்போது, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று ஒரு நல்ல பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போது, யார்தான் இன்னோர் ஊசிக்குக் கை நீட்டுவார்கள்? தையல்நாயகி காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை நினைத்துப் பின்னால் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

சித்திரையில் வினோதினி ஒரு டேப்லெட்டோடு வந்தாள். சொல்லலாமா என்று முடிவெடுக்க, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற ஆய்வு வேண்டுமாம். “உங்க முடிவைத் தெரிஞ்சுக்க எவ்ளோ விருப்பம்? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்கக்கா.”

“அஞ்சு. ஆறு இருந்தா ஆறு போட்டுக்க.”

நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஐந்து என்றார்கள். கள ஆய்வுத் தலைவர் ராமதாஸ் அதைப் பார்த்து மனம் உடைந்துபோனார். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் ஏற்ற இறக்கம் இல்லை. ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் வரைபடம் இல்லை. வரைபடம் இல்லாவிட்டால் கட்டுரை ஏது? அளவுகோலை ஏழாக நீட்டி மறுபடி அனுப்பினார். ஏழு என்றார்கள். பத்தாக நீட்டினார். பத்து என்றார்கள். மரக்காணத்துத் தொழிலாளர்களுக்கு அளவுகோல் புரியவில்லை என்று முப்பது பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார்.

வைகாசியில் அறக்கோட்பாட்டுப் பேராசிரியர் குழந்தைசாமியே நேரில் வந்தார். வெள்ளைக் கதர் ஜிப்பா, தங்க நிற பிரேம் கண்ணாடி. வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு எதிரே மடக்கு நாற்காலியில் அமர்ந்தார். மக்களின் தார்மீக உள்ளுணர்வை அறிய வந்திருப்பதாகச் சொன்னார்.

“ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளை ‘அ’ என்று அழைப்போம். அவளுடைய சிறுநீரகத்தைப் பற்றிய ஒரு தகவல் ஒரு கோப்பில் இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. கோப்பை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?”

தையல்நாயகியோடு ஒரே பாத்தியில் இருபது வருஷமாக உப்பு வாரும் முத்தம்மாள், “அந்த ‘அ’ இவதான சார்?” என்று பக்கத்தில் கையைக் காட்டினாள்.

“இல்லம்மா. ‘அ’ கற்பனைப் பெண்.”

“அவளுக்குக் கால் வீங்குதா?”

“அந்த விவரம் இந்தச் சிந்தனைச் சோதனையில் சேர்க்கப்படவில்லை.”

“சேத்துக்குங்க சார். இதோ இருக்குது பாருங்க,” என்று முத்தம்மாள் தையல்நாயகியின் புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிக் காட்டினாள். பேராசிரியர் பண்போடு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். உண்மையான ஒரு காலைப் பார்த்துவிட்டால் கற்பனைப் பெண்ணைப் பற்றிய தீர்ப்பு ஒருதலையாகிவிடும் என்று விளக்கினார். சொல்லிடணும் சார் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். உள்ளுணர்வு இன்னும் பக்குவப்படவில்லை என்று குறித்துக்கொண்டு அவர் காரில் ஏறினார்.

ஆனி மாதத்தில் அந்தப் பூட்டிய அறை ஒருவழியாகத் திறந்தது. இரண்டு துறையும் கூடும் முதல் கூட்டம். மக்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் தையல்நாயகியை வேனில் அழைத்துப்போய், மாலை போட்டு, மேஜையின் கடைசியில் உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு பெயர்ப்பலகை: ‘வாழ்ந்த அனுபவம்’. அவள் பெயர் அதில் இல்லை. பெயரைப் போட்டால் ரகசியம் போய்விடும்.

முதலில் ராமதாஸ் பேசினார். “சொல்லணும்னோ சொல்லக் கூடாதுன்னோ எனக்குக் கருத்து கிடையாது. எனக்கு எதைப் பத்தியும் கருத்து கிடையாது. இருபத்தஞ்சு வருஷமா என் தகுதியே அதுதான்.”

குழந்தைசாமி எழுந்தார். “இந்த அம்மாள் விரும்புகிறார் என்பது ஒரு செய்தி. ஆகவே சொல்ல வேண்டும் என்பது ஒரு கடமை. செய்தியிலிருந்து கடமை பிறக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை ஆராய்ந்துதான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன், பேராசிரியர் ஆனேன், ஆறு நாடுகளுக்குப் போய்வந்தேன். அதை இன்று மூடிவிட்டால் நாளைக்கு நான் எதைக் கற்பிப்பது?” அவையில் கைதட்டல் எழுந்தது.

கடைசியாக இயக்குநர் டாக்டர் பிரபாகரன். அவர் உண்மையிலேயே டாக்டர்; ஸ்டெதாஸ்கோப்பை விட்டுப் பதினைந்து வருஷம் ஆயிற்று. “நடைமுறையா யோசிப்போம். நாம சொல்லிட்டோம்னு வையுங்க. என்ன ஆகும்? இந்தம்மா பயப்படுவாங்க. பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. மருந்து சாப்பிடுவாங்க. குணம்கூட ஆயிடலாம். அடுத்த வருஷம் ரெண்டாவது தடவை ரத்தம் எடுக்கும்போது நாம எதோட எதை ஒப்பிடறது? மொத்த ஆய்வும் கெட்டுப்போயிடும். ஒரு தனிமனுஷியோட நலனுக்காக எதிர்காலத் தொழிலாளர்களோட நலனைப் பலி கொடுக்கறது அறமா?”

தையல்நாயகி எழுந்து நின்றாள். அந்த ஏ.சி. குளிரிலும் அவளுக்குக் காது சுட்டது. “அது என் ரத்தம் சார். என் உடம்புல ஓடினது. உங்க கமிட்டி முடியறதுக்குள்ள எனுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா யார்கிட்ட சொல்லுவீங்க? என் போட்டோகிட்டயா?”

இயக்குநர் மிகுந்த கனிவோடு நன்றி சொன்னார். ‘மக்கள் பிரதிநிதி உணர்ச்சிவசப்பட்டார்’ என்று குறிப்பேட்டில் ஏறியது. இரண்டு துறையையும் இணைப்பது எப்படி என்று ஆராய ஓர் இணைப்புக் குழு அமைக்கப்பட்டு, முந்திரி பிஸ்கட்டோடு கூட்டம் கலைந்தது.

எட்டாவது வரை படித்தவள் தையல்நாயகி. அன்று வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து தன் சம்மதப் படிவத்தை எடுத்தாள். பதினான்கு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவர்கள் வாசித்தபோது யாரும் கேட்கவில்லை, வெயில்தான் கேட்டது. பதினோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘பங்கேற்பவர் எந்த நேரத்திலும், காரணம் கூறாமல், தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அவ்வாறு பெற்றால் அவரைப் பற்றிய தகவல் முழுவதும் ஆய்விலிருந்து நீக்கப்படும்.’

ஒரு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு தாள்கள் தயாராயின. ‘சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் கூறப்போவதில்லை.’ கீழே கைநாட்டு. வினோதினி அவற்றை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவள் வேலைக்கே உலை வைக்கிற கட்டு அது. “நானே மேல கொண்டுபோய்க் குடுக்கறேன்க்கா,” என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாளே இயக்குநரின் கார் உப்பளத்துக்கு வந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதற்குப் புள்ளியியல் படிக்க வேண்டியதில்லை. ஆவணியில் நிதி கொடுத்தவர்கள் வருகிறார்கள். குழந்தைசாமியும் ராமதாஸும் ஒரே காரின் பின்சீட்டில், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்திருந்தார்கள்.

“என்னம்மா வேணும் உங்களுக்கு?” என்றார் பிரபாகரன்.

“எங்க கைநாட்டு மறுபடியும் வேணும்னா ஒரு காலைப்பொழுது எங்ககூட நில்லுங்க. மூணு பேரும். நாளைக்கு அஞ்சு மணிலேருந்து பதினொண்ணு வரைக்கும். உப்பு வார வேணாம், சுமக்க வேணாம். இந்தப் பாத்தி நடுவுல நின்னா போதும். இஷ்டம்னா வாங்க. நடுவுல கிளம்பணும்னாலும் கிளம்பலாம், காரணம் கேக்கமாட்டோம். ஆனா அத்தோட உங்க ஆராய்ச்சியும் கிளம்பிடும்.”

பிரபாகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “வாழ்ந்தறிதல்! அருமை! இதுக்குத் தனியா ஒரு கட்டுரையே போடலாம்.”

மறுநாள் மூவரும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழங்கால் பூட்ஸ் சகிதம் வந்து நின்றார்கள். வரும் வழியில் காபி சாப்பிட்டிருந்தார்கள். கையில் நிறுவனத்தின் பாட்டில். சொந்த அறிவுரை அட்டையை மதித்து மணிக்கு ஒருமுறை மடக் மடக்கென்று குடித்தார்கள். சுற்றி நாற்பது பெண்கள் உப்பை வாரி, வரப்பில் குவித்து, அன்னக்கூடையில் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஆறரைக்கு வெயில் வந்தது. ஏழரைக்கு உப்பு பளபளத்துக் கண்ணைக் குத்தியது. எட்டு மணிக்குக் குழந்தைசாமி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். எட்டேகாலுக்கு ராமதாஸும் மாற ஆரம்பித்தார். எட்டரைக்கு இயக்குநர் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். மந்திரம் மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்குப் பேராசிரியர் தாங்கமாட்டாமல், வரப்பில் நின்றிருந்த வினோதினியைக் கையசைத்துக் கூப்பிட்டு, காதில் சொன்னார். அவள் அதை உரக்கச் சொன்னாள். “சார் அவசரமா ஒதுங்கணுமாம்க்கா.”

வேலை நின்றது. நாற்பது பெண்களும் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

“சாருக்குப் போகணும்ங்கறது ஒரு செய்தி,” என்றாள் தையல்நாயகி. “அதுக்காக விட்டுடணும்னு ஒண்ணும் கடமை இல்லியே. நடுவுல பெரிய பள்ளம் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“அம்மா, அது கோட்பாடு! இது என் உடம்பும்மா!”

“அதைத்தான் சார் நானும் அன்னிக்கு சொன்னேன். எழுதிக்கூட வச்சிருக்கீங்களே, உணர்ச்சிவசப்பட்டேன்னு.”

முடிவைச் சொன்னால்தான் விடுதலை என்று புரிந்துபோய், குழந்தைசாமி ஜிப்பா பையிலிருந்து போனை எடுத்தார். பெயர்ப் பட்டியலைத் திறந்தார். நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத ராமதாஸிடம் திரும்பி, “ஐயா, உங்க பட்டியலைக் குடுங்க, சீக்கிரம்,” என்றார். அவர் கேட்பதற்கு முன்பே ராமதாஸ் தன் போனை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் முதல் தடவையாக ஒரு கருத்து உண்டாகியிருந்தது. இயக்குநர் எந்தக் குழுவையும் கூட்டாமல் தலையாட்டி ஒப்புதல் கொடுத்தார். இப்படியாக ஒரு மூத்திரப்பையின் வற்புறுத்தலால் தரவும் தர்மமும் மரக்காணம் வரப்பில் ஒன்று சேர்ந்தன.

வினோதினி இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. “தனியா சொல்லட்டுமாக்கா?”

“இங்க தனியா எங்க இருக்குது? இங்கயே சொல்லு.”

“கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி எட்டு.”

“அப்படின்னா?”

வினோதினி இயக்குநரைப் பார்த்தாள். அவர் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு டாக்டராகப் பேச வேண்டியிருந்தது. தொடையை இறுக்கிக்கொண்டு பேசினார். “ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல வேலை செய்யலம்மா. உடனே வைத்தியம் ஆரம்பிச்சா மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம்.”

“இது எப்ப எடுத்த ரத்தம் சார்?”

“மாசில.”

“இப்ப ஆடி. இப்ப எவ்ளோ மிச்சம் இருக்குது?”

“தெரியாதும்மா,” என்றார் பிரபாகரன்.

தையல்நாயகிக்கு அழுகை வரவில்லை. வந்தது வெறும் கோபம்தான். ஐந்து மாதத்துக் கோபம். பக்கத்தில் நின்ற முத்தம்மாள்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். தையல்நாயகி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். வினோதினியிடம் ஒரு தாள் வாங்கி அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதி, மடித்து, இடுப்பில் செருகினாள்.

“மத்தவங்களுக்கும் ஒவ்வொருத்தரா படிச்சி சொல்லு பாப்பா. யாரையும் விட்டுடாத. சொல்லி முடிச்சப்புறம்தான் கைநாட்டெல்லாம்.”

“படிக்கட்டும், படிக்கட்டும்!” என்று கதறினார் குழந்தைசாமி. “நாங்க போகலாமாம்மா?”

“போங்க சார். யாரு வேணாம்ங்கறா?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கிழக்கே பாத்தி, மேற்கே பாத்தி, வடக்கிலும் தெற்கிலும் பாத்தி. கார் நின்றிருந்த ரோடு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் புள்ளியாகத் தெரிந்தது. முழங்கால் உயர வரப்புகளில் நாற்பது பெண்கள் பலகையை ஊன்றி நின்று, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட முகத்தைத் திருப்பவில்லை.

“எங்கம்மா போறது?” என்றார் இயக்குநர். அவர் குரல் கிட்டத்தட்ட குழந்தைக் குரலாகியிருந்தது.

தையல்நாயகி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வரப்பில் ஏறினாள். புதுச்சேரி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க எங்க போறதுன்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி போடுங்க சார்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.